ஏற்றாமல் ஓட்டிப் பார்த்த லொறி

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெற்றோலைக் கூப்பனுக்குத்தான் கொடுத்தார்கள். அந்த வருடம் சோளகக் காற்று தொடங்கியபோது, நான் மருதனார்மடம் சந்தியில், சந்தைக்குப் பின்புறம் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் மோட்டார் திருத்தும் வேலை செய்துகொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் ஓரிடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. கொழும்பில் ஒரு கராஜில் கார் கழுவினேன். அங்கேயே வேலையும் பழகினேன். ஹற்றனில் தேயிலை லொறி ஓட்டினேன். காலியில் நாலு மாதம் காய்ச்சலில் கிடந்தேன். எந்த இடத்திலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கடைசியில் ஒரு துணிப்பையும் ஐந்தாறு ஸ்பானர்களுமாக யாழ்ப்பாணம் திரும்பினேன். சந்தியில் வேறு மெக்கானிக் கிடையாது. அதனால் நான் நல்ல மெக்கானிக் ஆகிவிட்டேன். கொழும்பில் பழகியவன் என்ற பெயர் வேறு. நான் சொன்னால் சரி என்று நாலு பேர் சொல்வதை வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கேதான் கேட்டேன். கேட்கக் கேட்க அதை நானும் நம்பினேன்.

சந்தையில் மொத்தமாக மரக்கறி வாங்கி விற்கும் ஒரு முதலாளி இருந்தார். அளவெட்டிப் பக்கத்து ஆள். அவரிடம் ஒரு பழைய சின்ன லொறி இருந்தது. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் பலகை அடித்த திறந்த பெட்டி. தினமும் விடிய மரக்கறி ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைச் சந்தைக்குப் போகும். அங்கே இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். திரும்பும்போது கருவாட்டுச் சிப்பமாவது ஏற்றினால் நல்ல வாடகை கிடைக்கும் என்று பலர் கேட்டுப் பார்த்தார்கள். முதலாளி மச்சம் மாமிசம் தொடாதவர். “நானும் தொடன், என்ரை லொறியும் தொடாது” என்று சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் லொறிக்கு ஓய்வு. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சந்திப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைப்பார். அதன் பிறகு சனிக்கிழமை விடியும் வரை அதில் ஒரு கத்தரிக்காய்கூட ஏறக் கூடாது.

லொறியை ஓட்டியவர் வடமராட்சி ஆள். கிறிஸ்தவர், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஏழு வருடமாக அந்த லொறியில் இருந்தார். யாரையும் கேலி, பகிடி பண்ணாமல் விடமாட்டார். என்னைக் கண்டால் “கொழும்புக் காது” என்பார், எஞ்சினில் காதை வைத்து நான் சத்தம் கேட்கும் விதத்தைப் பார்த்து.

அந்த லொறி திடீரென்று பெற்றோலை அதிகமாகக் குடிக்கத் தொடங்கியது. பருத்தித்துறைக்குப் போய்வர முப்பத்தாறு மைல். முன்பு இரண்டு கலனோடு முடிந்துவிடும். இப்போது மூன்று கலன் வேண்டியிருந்தது. மாதம் முழுவதற்கும் அரசாங்கக் கச்சேரி அலுவலகம் கொடுத்த கூப்பன் இருபதாம் தேதியோடு தீர்ந்தது. மிச்ச நாட்களுக்கு மாட்டுவண்டியில் அனுப்பினால் கீரையும் வெண்டிக்காயும் வாடித்தான் போய்ச் சேரும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முதலாளி லொறியோடும் ஓட்டுபவரோடும் என் கொட்டிலுக்கு வந்தார்.

“தம்பி, உது பெற்றோலைக் குடிக்குதோ குளிக்குதோ தெரியேல்லை. என்னெண்டு பார்.”

“கொழும்புக் காதெல்லே, வைச்சுக் கேட்டால் அதுவே சொல்லும்” என்றார் அண்ணை.

எப்போது அதிகம் குடிக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

“போகேக்கைதான் தம்பி. வரேக்கை ஒரு கரைச்சலுமில்லை. போகேக்கை ஆரோ பின்னாலை நிண்டு பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கும்.”

“பருத்தித்துறைக்குப் போக அதுக்கு விருப்பமில்லைப் போலை” என்றார் முதலாளி. கொட்டிலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தாலும் அந்தப் பதிலை மனதில் குறித்துக்கொண்டேன். அது சோளகக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். மருதனார்மடத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும்போது அது முதுகுப் பக்கமாக லொறியைத் தள்ளிக்கொண்டு வரும். வழியில் மரமில்லாத வல்லை வெளியில் சைக்கிள்காரன் மிதிக்காமலே போவான், திரும்பும்போது இறங்கி உருட்டுவான். ஆகவே போகும்போது குறைவாகவும் வரும்போது கூடுதலாகவும்தான் குடிக்க வேண்டும். இந்த மனிதர் தலைகீழாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். ஏன் அப்படி என்று அவரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும் லொறி என்னிடம் இருந்தது. எனக்குத் தெரிந்த அளவில் ஒன்றையும் விடவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். பெற்றோல் கூடுதலாகப் போனால் கரி பிடித்துக் கறுத்திருக்கும். அவை வறுத்த எள்ளு நிறத்தில் அழகாக இருந்தன. காபுரேற்றரைப் பிரித்து, மிதவையை வாளித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. பெற்றோல் தாங்கிக்கும் குழாய்க்கும் கீழே சாம்பல் பரப்பி இரவு முழுவதும் விட்டேன். காலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ரயர்களுக்குக் காற்றுப் பார்த்தேன். நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றினேன். தடையில்லாமல் சுற்றின.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. தாங்கியின் குழாயைக் கழற்றிவிட்டு, அரைக் கலன் பெற்றோல் அளந்து ஊற்றிய ஒரு தகரப் பேணியை உயரத்தில் கட்டி, அதிலிருந்து ரப்பர் குழாயால் காபுரேற்றருக்குக் கொடுத்தேன். பேணி வற்றி லொறி நிற்கும் இடம் வரைக்கும் மைல்கல் எண்ணிப் பார்ப்பதுதான் முறை. முதலாளியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். அண்ணையை ஏற்றவில்லை. அந்த நேரமே என் மனம் எங்கே போயிருந்தது என்பதற்கு அது ஒன்றே போதும்.

லொறி ஒன்பது மைலும் கொஞ்சமும் ஓடி நின்றது. கலனுக்குப் பதினெட்டு. முன்பு ஓடியதில் ஒரு குறையும் இல்லை. கொண்டுபோன மிச்சப் பெற்றோலை ஊற்றித் திரும்பி வந்தோம்.

சந்தியில் அண்ணை கோயில் மதிலோடு நின்றார். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “சாமான் ஏத்திப் பாத்தனியே?”

“வெள்ளிக்கிழமை ஆர் அண்ணை சாமான் ஏத்திறது? ஏத்தினாலென்ன ஏத்தாட்டிலென்ன, எஞ்சின் ஒண்டுதானே.”

“எஞ்சின் ஒண்டுதான். லொறி ஒண்டில்லை” என்றார்.

எனக்கு வேலை சொல்லித்தர வந்துவிட்டாரே என்று எரிச்சல் வந்தது. அதற்குள் முதலாளியும் இறங்கி வந்தார். தேங்காய் உடைப்பதைப் பார்க்க வந்தவர்களும் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களும் சுற்றி நின்றார்கள்.

“அப்ப மிசினிலை பிழையில்லை?”

“இல்லை முதலாளி. மிசின் சுத்தம்.”

“பிறகு பெற்றோல் எங்கை போகுது?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் எட்டுப் பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “எஞ்சின் குடிக்கேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேறை ஆர் குடிச்சதெண்டு நான் என்னெண்டு சொல்லுறது” என்றேன். சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு.

விளங்காதவர் ஒருவருமில்லை. வாடகைக் கார்க்காரர்கள் ஒரு போத்தல் பெற்றோலுக்கு நாய்படாத பாடு பட்ட காலம் அது. அண்ணையின் வீடு பருத்தித்துறையில். சாமான் இறக்கும் வரை லொறி அங்கே இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும்.

முதலாளி பொல்லாத மனிதர் இல்லை. ஏழு வருடம் கூட இருந்தவரைக் கள்ளன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. தப்பிக்க ஒரு வழி கொடுக்கத்தான் நினைத்தார். சந்தையில் அப்படிப் பல வழக்குகள் தீர்ந்திருக்கின்றன. கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்துவார்கள். சந்தேகப்பட்டவர் அதைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினால் முடிந்தது. அதற்குமேல் அந்தக் கதையை ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

“இந்தா, கற்பூரத்தைக் கொளுத்திறன். அணைச்சுப்போட்டுச் சொல்லு. நான் இதோடை விட்டிடுறன்.”

“நான் சத்தியம் பண்ணுறேல்லை முதலாளி” என்றார் அண்ணை. “உங்கடை கோயிலிலையும் பண்ணன், எங்கடை கோயிலிலையும் பண்ணன். எங்கடை வீட்டிலை அது பழக்கமில்லை. எடுக்கேல்லையெண்டு சொல்லுறன். எடுக்கேல்லை.”

“எடுக்காதவனுக்குக் கற்பூரம் சுடுமே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஐந்து வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான். ஆணையிட்டுச் சத்தியம் பண்ணுவது பாவம் என்று நினைக்கும் வேதக்காரர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் ஒருவரே அப்படி. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். “அவையள் அப்பிடித்தான் முதலாளி, அதை வைச்சுச் சந்தேகப்படாதேங்கோ” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கழிவுத் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பகிடி இல்லை. “தம்பி, தெரியேல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லன். காணும்.”

“நான் பாத்ததைத்தான் சொன்னனான்” என்றேன்.

அவர் சாவியை லொறியின் மூக்கில் வைத்தார். சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில். பிறகு பஸ் நிற்கும் பக்கமாக நடந்துபோனார்.

அடுத்த நாள் சனிக்கிழமை லொறியை ஓட்டியவன் நான். என்னிடம் லைசன்ஸ் இருந்தது, முதலாளி கேட்டார், ஏறிவிட்டேன். பூசணிக்காயும் வெங்காயமும் வாழைக்குலையுமாகப் பெட்டி நிறைந்திருந்தது. பருத்தித்துறையில் இறங்கித் தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன். பதினெட்டு மைலுக்கு இரண்டு கலன் போயிருந்தது. குச்சியில் பிழை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு கலன். திரும்பி வரும்போது ஒரு கலன்தான். அண்ணை சொன்ன அதே கணக்கு.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவர் நினைவு முதலில் வரவில்லை. இனி முதலாளி என்னையும் கற்பூரம் அணைக்கச் சொல்லுவார் என்ற பயம்தான் வந்தது.

திங்கட்கிழமை, ஏற்றிய லொறியோடு வல்லை வெளிக்கு வந்தபோது எஞ்சின் இழுக்காதபடி கியரை விடுவித்து, லொறியை அதன்பாட்டில் உருளவிட்டேன். நேர் றோட்டு. முதுகில் ஆளைத் தள்ளும் காற்று. அரை மைலாவது உருண்டு போக வேண்டும். மூன்று தந்திக் கம்பம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது, பின்னால் யாரோ பிடித்து இழுத்ததுபோல.

இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன். அடுப்படியில் நிற்பதுபோலச் சுட்டது. துப்பினேன். சுருக்கென்று காய்ந்தது. லொறிக்கு அடியில் புகுந்தேன்.

அந்தக் காலத்துப் பழைய லொறிகளில் பிறேக்குக்கு இரும்புக் கம்பிதான். மிதித்தால் கம்பி இழுபட்டுச் சக்கரத்தைப் பிடிக்கும். கம்பியின் நுனியில் ஒரு திருகாணி, இறுக்கவும் தளர்த்தவும். பாரம் ஏறினால் பெட்டியைத் தாங்கும் இரும்பு வில்லுத் தட்டையாகும், பின் அச்சுக் கொஞ்சம் பின்னுக்குப் போகும், கம்பியும் கூடவே இழுபடும். கம்பி தளர்வாக இருந்தால் ஒன்றும் ஆகாது. மிதமிஞ்சி இறுக்கியிருந்தால், ஒருவரும் மிதிக்காமலே பிறேக் பிடிக்கும். பாரத்தை இறக்கினால் விட்டுவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கினாலும் விட்டுவிடும். நான் பார்த்த எல்லா நேரமும் அது விட்டிருந்த நேரம்.

திருகாணியில் ஸ்பானர் பிடித்த தழும்பு இருந்தது. புதிய தழும்பு. அது என்னுடைய ஸ்பானர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பிறேக் மிதி பிடிக்காமல் கீழே போகிறது என்று அண்ணை கொண்டுவந்தார். கொட்டிலில் வைத்து, வெறும் லொறியில், நல்லாக இறுக்கிக் கொடுத்தேன். கெட்டிக்காரன் என்று அவர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். பெற்றோல் குறையத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. என் கை பட்ட இடத்தில் பிழை இருக்கும் என்று நான் தேடவில்லை.

காற்று மணலை அள்ளி லொறிக்கு அடியில் வீசிக்கொண்டிருந்தது. பிறகு ஆணியை நாலு சுற்றுத் தளர்த்தினேன். பத்து நிமிட வேலை.

அன்று பின்னேரமே முதலாளியிடம் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சொன்னால் இறுக்கியது யார் என்று கேட்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். இரண்டு கிழமை போய்விட்டது. இதற்கிடையில் கூப்பன் மிஞ்சத் தொடங்கியது. முதலாளி சந்தையில் காண்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “ஆளை மாத்தினன். பெற்றோல் மிஞ்சுது. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?”

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். முன்பு சந்தேகமாக இருந்தது இப்போது உறுதியாகிவிட்டது. நான் திருத்திய லொறி தினமும் முப்பத்தாறு மைலும் அவரைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டு ஓடியது. நான் அதை ஓட்டினேன்.

ஒருநாள் பருத்தித்துறைச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மூட்டை இறங்கும் வரை காத்திருந்து கிட்ட வந்தார்.

“தம்பியோ இப்ப லொறி ஓடுறது?”

“ஓம் அக்கா.”

அண்ணையின் மனைவி என்று சொன்னார். கயிற்றைச் சுருட்டினேன்.

“முதலாளியிட்டை ஒரு கடதாசி வாங்கித் தரவேணும் தம்பி. பலாலியிலை விமானத் தளம் போடுகினமெல்லே, அங்கை லொறி ஓட ஆள் எடுக்கினம். முந்தி வேலை செய்த இடத்திலையிருந்து கடதாசி கேக்கினமாம். கடதாசி இல்லாததாலை இவரைக் கல்லுச் சுமக்க விட்டிருக்கினம். இவருக்கு நாரி ஏலாது, இடுப்புப் பிடிச்சுக்கொள்ளும்.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். “நல்லவரெண்டு எழுதவேண்டாம். ஏழு வருசம் ஓடினவரெண்டு மட்டும் எழுதினால் காணும்.”

அவர் எடுத்தார், எடுக்கவில்லை என்று அந்தப் பெண் ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லொறிக்கு அடியில் கூட்டிக்கொண்டுபோய் ஆணியையும் காட்டினேன். அவர் வெளியே வந்து வேட்டியில் மண்ணைத் தட்டினார்.

“நீதான் இறுக்கினது?”

“ஓம்.”

“மிசின் சுத்தமெண்டதும் நீதான்?”

“ஓம் முதலாளி.”

“பிறகு நான் என்னத்தை எழுதிறது? கற்பூரத்தை வைச்சு ஒருத்தனைக் கள்ளனாக்கின ஆளெண்டு நாளைக்கு என்னையெல்லே சொல்லுவாங்கள்.” வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பவும் குனிந்து ஆணியைப் பார்த்தார். அவருக்கும் மனம் பொறுக்கவில்லை என்று தெரிந்தது. “ஆறட்டும், பாப்பம். நீ உந்த விசயத்தை வெளியிலை கதையாதை.”

அடுத்த வெள்ளிக்கிழமை சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பலாலிக்குப் போனேன். சிவந்த மண்ணும் சுண்ணாம்புக் கல்லுமாக வெளி முழுவதும் கிளறிக் கிடந்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள் கூடை சுமந்தார்கள். தலையில் சும்மாட்டோடு அவர் என்னை முதலில் கண்டுவிட்டார்.

“கொழும்புக் காது என்ன இஞ்சாலைப் பக்கம்?”

கூடையை இறக்கிவிட்டு வந்தார். ஆணியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது.

“அப்ப பாரம் ஏத்த அச்சுப் பின்னாலை போயிருக்கு. அதுதான் இழுத்தது. நான் சொன்னனானெல்லே, ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரியெண்டு.” பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “நான் என்ரை மச்சானிலை எல்லே சந்தேகப்பட்டன். இறக்கிற நேரம் அவன்தான் லொறியடியிலை நிப்பான். நான் எடுக்கேல்லையெண்டால் அவன்தானே எடுத்திருக்கவேணும். அவனோடை கதைக்கிறதையும் விட்டிட்டன்.”

“மன்னிக்கவேணும் அண்ணை” என்றேன்.

“என்னட்டை ஏன் சொல்லுறாய்? நான் எடுக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்கள் சந்தியிலை நிக்கினம். அங்கை சொல்லு. அந்தச் சந்தை ஆக்களுக்கு விளங்கினால் முதலாளி கடதாசி தருவார். அவர் ஊர் வாய்க்குப் பயந்த மனுசன்.”

கங்காணி விசில் ஊதினான். அவர் சும்மாட்டைச் சரி செய்தார்.

“சொல்லுவியே?”

“ஓம் அண்ணை. நாளைக்கே சொல்லுறன்.”

சனிக்கிழமை விடிய, சந்தை கூடும் நேரத்தில் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். நீட்டு மர வாங்கில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் அன்று கோயிலடியில் நின்றவர்கள்தான். என்ன சொல்வது என்று இரவு முழுவதும் யோசித்து வைத்திருந்தேன். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

“என்ன மெக்கானிக்” என்றார் ஒரு வெங்காய வியாபாரி, “உன்ரை லொறி இப்ப விரதமாமே?”

“வேதக்காரன் இறங்கினவுடனை லொறியும் சைவமாப் போச்சு” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வாங்கு முழுவதும் சிரித்தது. கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள், என் வாயும் அதுவாகச் சிரித்தது, வேறு காரணம் இல்லை. ஆனால் சிரித்த பிறகு அதே வாயால் மற்றதைச் சொல்ல வரவில்லை. தேத்தண்ணி சூடாக இருந்தது. நின்றபடியே குடித்துவிட்டு லொறியில் ஏறினேன். பருத்தித்துறையில் அந்த அக்கா வந்து நிற்பாரோ என்று பயந்து, மூட்டை இறங்கியதும் உடனே திரும்பினேன்.

அடுத்த கிழமை சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் துணிப்பையோடு கொழும்பு ரயிலில் ஏறினேன். ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் போகிற ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஓடிப்போகிறேன் என்று யாரும் நினைக்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு அனுராதபுரத்தில் ஒரு கராஜில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் தன் கார் திருத்தும் வரை கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கத்து ஆள் என்று அறிந்ததும், மருதனார்மடம் சந்தியில் நடந்ததாக ஒரு பகிடிக் கதை சொன்னார். கற்பூரத்துக்குப் பயந்த பெற்றோல் கள்ளன் கதை. ஒரு மெக்கானிக் பேணியில் அரைக் கலன் ஊற்றி ஓட்டிக் கண்டுபிடித்தானாம். கெட்டிக்காரன் என்றார். அந்த லொறிக்காரர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு ஆள் உண்மையாக இருந்தாரா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

நடந்ததை அவரிடம் சொன்னேன். ஆணி, அச்சு, வல்லை வெளி, எல்லாம். “அப்பிடியே?” என்று கேட்டுக்கொண்டார். கார் தயாரானதும் போய்விட்டார். பிறகு மறுபடி ஹற்றனுக்கும் காலிக்கும் போனபோதும் இதைச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். இதிலெல்லாம் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் சொல்லுக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அந்தச் சந்திதான்; அங்கே அதை ஒரு மனிதருக்கு எதிராக ஒரு தடவை செலவழித்துவிட்டு, அவருக்காகச் செலவழிக்காமல் வந்துவிட்டேன் என்பது நான் போகிற ஊர்களுக்கெல்லாம் என்னோடு வருகிறது.